மடி தர மறுத்த ஒரு தாய்மாமன்

நகரி தாலுக்கா,
1955, மார்கழி 4.

சௌபாக்கியவதி தங்கை சுலோசனாவுக்கு, அண்ணன் கோவர்த்தனன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் உன் அண்ணி ரத்தினம்மா, இரண்டு எருதுகள், சினைப்பசு ஆகிய நால்வரும் சுகம். சித்தூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பாலசுந்தரமும் சுகமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். ஐந்தாவது ஆளான என் சுகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து படி.

தை மாதம் திருப்பதி மலையில் பிள்ளைக்கு முடி இறக்கிக் காது குத்தப் போவதாகவும், தாய்மாமன் மடியில் உட்காரவைக்க நான் வந்தே தீரவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். எல்லை மனுவுக்கு ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது, நம் ஊர் ஆந்திராவா மெட்ராஸா என்று தெரியாமல் நான் எப்படி மலை ஏறுவது என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். அது பொய். கூடப்பிறந்தவளுக்குப் பொய் எழுத உட்கார்ந்தால் பேனாகூட மக்கர் செய்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வரப்போவதில்லை. சித்தப்பா மகன் கன்னையாவும் உனக்கு அண்ணன் முறைதானே, அவன் மடியில் உட்காரவை. மூன்று வருஷமாக என் தோல் சரியில்லை, அம்மா. பிள்ளைக்கு ஒட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வெயில் காலத்திலும் நான் முழுக்கைச் சட்டை போடுவதைப் பார்த்து, மச்சானுக்கு நாகரிகம் வந்துவிட்டது என்று மாப்பிள்ளை மெச்சினாரே, அது நாகரிகம் இல்லை, இதுதான்.

முதலில் இரண்டு முழங்கைகளிலும் ஓரணா அகலத்துக்குச் சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. நம் ஊர்க் கர்ணம் நாகபூஷணத்துக்கு நிலம் அளப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் ஊரே அவரிடம்தான் வைத்தியம் கேட்கும். நானும் காட்டினேன். "இன்னாய்யா இது, சித்தூரு ஜில்லா மேப்பு மாதிரியே கீது! இதோ பாரு, திருத்தணி இங்க வருது. ரத்தம் கெட்டுப்போச்சி. கருவாடு துன்றியா?" என்றார். கருவாட்டை நிறுத்தினேன், திருத்தணி புத்தூர் வரைக்கும் பரவியது. கத்திரிக்காயை நிறுத்தினேன், புத்தூரைத் தாண்டியது. கொட்டாங்குச்சியைச் சுட்டு இறக்கிய தைலத்தைத் தடவச் சொன்னார்; தடவிய இடம் வெந்துபோய், ஒரு வாரம் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நடந்தேன், எதிரே வந்தவர்கள் எல்லாம் வரப்பை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டார்கள். செதில் என்றாலே நாகதோஷம்தான் என்று புற்றுக்குப் பால் ஊற்றச் சொன்னார். ஒன்பது வெள்ளிக்கிழமை ஊற்றினேன், பாம்பு வரவில்லை, ரங்கையா வீட்டு ஆடு வந்து குடித்துக் கொழுத்தது. கடைசியில், "பெருமாளுக்கு முடி வேண்டிக்கோ, கைய அவரு பாத்துக்குவாரு" என்றார். வேண்டிக்கொண்டேன்.

போன பங்குனியில் நீ பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாய். பிள்ளை பிறந்ததும், "அண்ணே, தூக்கிப் பாரு" என்று நீட்டினாய். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவன், நீ இருந்தவரைக்கும் கிணற்றுக் கொட்டகையிலேயே என்ஜின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த என்ஜினுக்கு ஒரு ரிப்பேரும் இல்லை, சுலோசனா. நீ கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாய். அந்தப் பிஞ்சைத் தூக்க எனக்கு ஆசையில்லை என்றா நினைத்தாய்? உனக்குத் தெரியாமல் தூளிக்கு அந்தப் பக்கம் நின்று எத்தனையோ நாள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

சித்திரை, வைகாசி முழுக்கக் கிணற்றடி வெயிலில் சட்டையில்லாமல் கிடந்ததில் முழங்கை இரண்டும் பளிச்சென்று ஆகிவிட்டன. பெருமாள் கண் திறந்தார் என்று ஆனியில் மலை ஏறினேன். என் வேண்டுதல் கதையைக் கேட்டுக்கொண்டே குடுமியை அவிழ்த்த நாவிதர், பாதி மழித்ததும் கத்தியை நிறுத்திவிட்டார். "நைனா, கைல போச்சின்னு வேண்டுதல் தீக்க வந்துகிறியே, அதெல்லாம் மேல ஏறி இங்க குந்திக்கினு கீது!" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மீதியையும் மழித்துவிட்டு, "சாமிக்குக் குடுக்க வேண்டியத குடுத்துட்டே, கீழ போயி டாக்டராண்ட காட்டு" என்று அனுப்பினார். நல்ல மனிதர்.

கீழ்த்திருப்பதியில் நான் போய்க் காட்டிய டாக்டர் சின்னப் பையன், நெல்லூர்ப் பக்கம். வெறும் கையால் என் தலையையும் முழங்கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று வருஷத்தில் வெளியாள் ஒருவர் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இதி அண்ட்டு ரோகம் காது, பயப்படகண்டி" என்றார். ஒட்டுகிற வியாதி இல்லையாம், குஷ்டமும் இல்லையாம். கருவாடும் காரணமில்லை, பாவமும் காரணமில்லை. தோல் அவசரப்பட்டு வளர்ந்து அவசரப்பட்டு உதிர்கிறதாம், வெயிலில் அடங்குமாம், பனியில் கிளம்புமாம், சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். நம்மைப் பெற்ற நைனா பேச்சுக்கு நடுவே முழங்கையைத் தூணில் தேய்ப்பாரே, அதைச் சொன்னேன், தலையாட்டிக்கொண்டார். அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம், சொறியாமல் எண்ணெய் தடவு, தார்க் களிம்பு பூசு, முக்கியமாகக் கவலைப்படாதே என்றார். அன்று முதல், நான் கவலைப்படுகிறேனோ என்றே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். களிம்பில் ரோடு போடும் தாரின் நாற்றமேதான். எருதுகள் என்னை நுகத்தடிப் பக்கம் அண்டவிடவில்லை. நகரி பஸ்ஸில் கண்டக்டர், "ரோட்டு வேல ஆளுங்கோ பின்னாடி போயி குந்து" என்றான். ஆனாலும் பூசினேன், குறைந்தது. இப்போது மார்கழிப் பனியில் மறுபடி தலைகாட்டிவிட்டது.

டாக்டர் சொன்ன பிறகும் ஏன் பயம் என்று கேட்பாய். அவருக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை. அவர் கணக்கு தப்பிப்போனால் எனக்கென்ன, நான் பட்டவன். படப்போவது பிள்ளையின் தோல். வேண்டாம், தாயே. கன்னையாவின் மடி அகலமான மடி.

மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளை நூறு வயது வாழட்டும், தோல் தங்கமாக மின்னட்டும். என் பங்குக்கு ஒரு முத்தத்தையும் நீயே கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கோவர்த்தனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து வந்து இரண்டு கைகளையும் என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "மூணு வருசமா உன் முழங்கைக்குத் தைலமும், ஆனிலேர்ந்து தலைக்குத் தாரும் தேச்சிக்கினு கீறது எந்தக் கை? வெளிச்சத்துல நல்லா பாரு. எனக்கு இன்னா ஒட்டிச்சி? நாத்தம்தான் ஒட்டிச்சி!" என்றாள். பார்த்தேன். வளையல் தழும்பைத் தவிர ஒன்றுமே இல்லை. தினமும் பார்க்கிற கையை இன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே எழுதியதை எல்லாம் எழுதவில்லை என்று வைத்துக்கொள். கன்னையாவைப் பழக்கூடை தூக்கச் சொல், அது போதும். தை மாதம் வரைக்கும் எனக்குப் பொறுக்காது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் இந்தக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்த வரியை நீ படிக்கும்போது பிள்ளை என் மடியில் இருப்பான். படித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டாதே, தரமாட்டேன்.