வசந்தாவின் கேரியர்

சக்கரபாணி எழுந்தான். பால் வாங்கினான். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபி போட்டான். அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கண்ணாடிக்கு முன்னால் நின்று சோப்பு நுரையைத் தடவி இடது கன்னத்தை மழித்து முடித்தான்.

வலது கன்னத்துக்கு ரேசரைக் கொண்டுபோகும்போது வாசலில் மாமியார் நின்றாள்.

ராஜாம்பாள் வில்லியனூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை வசந்தாவுக்கு வருஷத் தெவசம். பெண் புழங்கிய சாமான்களைப் படையலில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். புடவை இருந்தது. சீப்பு இருந்தது. குங்குமச் சிமிழ் இருந்தது.

“கேரியர் எங்க மாப்ள?”

கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் கேரியர். மூன்று அடுக்கிலும் ‘வசந்தா’ என்று பெயர் வெட்டியது.

“ஆபீஸ்ல இருக்குங்க அத்தை.”

“ஆபீஸ்ல அது இன்னா பண்ணுது?”

சக்கரபாணி பி.எஸ்ஸி. படித்தவன். ஆனாலும் இதற்குப் பதில் தெரியவில்லை.

“வியாழக்கிழம வர்றேன். எடுத்தாந்து வைங்க. அது இல்லாம எம் பொண்ணுக்கு நான் படைக்க மாட்டேன்.”

படியிறங்கியவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “இன்னொரு கன்னத்தயும் வழிச்சிடுங்க.”

அவன் கண்ணாடிக்குத் திரும்பினான். ரேசரைத் தூக்கினான். அப்போதுதான் அது வந்தது. நெஞ்சு ஒருமுறை எகிறியது. பிறகு நிற்காமல் எகிறத் தொடங்கியது. விரல்கள் மரத்தன. மூச்சு தொண்டையோடு நின்றது. சாகப் போகிறோம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். நுரை காய்ந்து கன்னத்தில் இறுகும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு அது போய்விட்டது.

அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த ஒரு வருஷத்தில் அவனுக்கு எதுவுமே ஆனதில்லை. காரியத்தன்று அவன் அழாமல் நின்றதைச் சொந்தக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். ரெட்டியார்பாளையத்தில் அவனுக்குக் கல்லுப்பிள்ளையார் என்றே ஒரு பெயர் உண்டு.

கேரியர் ஆபீஸில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தது.

வசந்தாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. “நல்லா சாப்பிடட்டும்” என்று வார்டு டாக்டர் போகிற போக்கில் சொன்னதைச் சக்கரபாணி சர்க்கார் உத்தரவாக எடுத்துக்கொண்டான். கஞ்சி, அவித்த முட்டை, சாத்துக்குடிச் சாறு, மறுபடி கஞ்சி. ஸ்பூனும் கையுமாகக் கட்டிலோரம் நின்றான். அவள் வாயை மூடிக்கொண்டால், ஸ்பூனை மூக்குக்கு நேரே பிடித்தபடி காத்திருந்தான். எப்போதும் பசியில்லை என்கிறவள் கடைசி நாள் காலை தானாகவே இட்லி கேட்டாள். எதிர்க்கடை இட்லி வேண்டாம், ரயிலடிக் கடை இட்லிதான் வேண்டும் என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கடையில் கூட்டம். மூன்று அடுக்கும் நிறைய வாங்கிக்கொண்டு திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

“நீ போனதுலருந்து, ‘அவரு வந்துட்டாரா, வந்துட்டாரா’ன்னு கேட்டுக்கினே இருந்துச்சிப்பா,” என்றாள் வார்டு ஆயா அஞ்சலாட்சி.

அவன் கேரியரை ஜன்னலில் வைத்தான். அங்கேயே மறந்துவிட்டு வந்தான். மறந்தது கேரியரை மட்டும்தான். கடைசியாக அவள் அவனைத் தேடினாள். அவன் வரிசையில் நின்று சட்னி கேட்டுக்கொண்டிருந்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்கே அதன்பிறகு போனதில்லை.

மாமியார் வந்துபோன அன்றைக்குப் போய்ப் பார்த்தான். தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். மருந்துக்கடை வரை நடந்தான். டெட்டால் வாசனை வந்தது. நெஞ்சு எகிறியது. வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி, உப்பளம் பகுதியில் இருந்த ஒரு டாக்டர் வீட்டில் போய் விழுந்தான். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வைத்தியம் பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்.

“என் பொண்டாட்டி மாதிரி எனக்கும் வால்வு போயிடுச்சு டாக்டர்.”

டாக்டர் குழாயை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். “அது சளி இல்லப்பா, பொண்டாட்டிகிட்டருந்து ஒட்டிக்கிறதுக்கு. ஒன் நெஞ்சு குதிர மாதிரி இருக்கு. இது பயம்.”

“எதுக்கு பயம்?”

“அது ஒனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியலன்னாலும் அதுக்குத் தெரியும்.”

இதற்கு மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார். அது வரும்போது ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, மூக்கால் மூச்சை இழுத்து, மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி உதட்டைக் குவித்து நீளமாக ஊத வேண்டும். “தூஸ்மான், தூஸ்மான்” என்று தானே ஊதிக் காட்டினார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். துரத்தினால் நிற்கும், விட்டுவிட்டால் போய்விடும் என்றார். எழுந்து கும்பிட்டவனை உற்றுப் பார்த்து, பாதிச் சவரத்தோடு ஒரு ஆளைப் பட்டாளத்தில்கூடப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். கை நடுங்குகிறவன் பிளேடைத் தொடுவது எப்படி என்று சக்கரபாணி விளக்கவில்லை.

தாமதமாக ஆபீஸ் போனான். பொதுப்பணித் துறையில் குமாஸ்தா வேலை. தலைமைக் குமாஸ்தா ஜானகிராமன் தன் மேஜையில் முருகன் படத்துக்கு முன்னால் சின்ன வெள்ளி விளக்கை ஏற்றிக் கண்மூடி நின்றுகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். சக்கரபாணி ஓசைப்படாமல் அவரைக் கடந்துபோகப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துப் பியூன் எல்லோருடைய சாப்பாட்டுக் கேரியர்களையும் கொண்டுவந்து ஜன்னலில் வரிசையாக வைத்தான்.

ஜன்னல். கேரியர்.

அது வந்தது. ஓடவில்லை. டாக்டர் சொன்னபடி நின்ற இடத்தில் நின்றான். மூக்கால் இழுத்தான். உதட்டைக் குவித்து நீளமாக ஊதினான்.

விளக்கு அணைந்தது.

ஜானகிராமன் கண்ணைத் திறந்து, விளக்கைப் பார்த்தார். குவிந்திருந்த உதட்டைப் பார்த்தார். 

“இன்னிக்குன்னு பாத்து ஊதி அணைச்சிட்டியேய்யா.”

“தானா போயிடும்னு சொன்னாரு சார்,” என்றான் சக்கரபாணி.

“யாரு? என் சம்பந்தியா?”

இந்த வாரம் முழுக்கத் தன் கண்ணில் படக் கூடாது என்று சொல்லி, கேட்காத லீவை அவரே எழுதிக் கொடுத்தார். இனி ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்கச் சக்கரபாணிக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை.

டைப்பிஸ்ட் காத்தவராயன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே வாசல் வரை கூடவே வந்தான். ஊதுவதெல்லாம் பழைய வைத்தியம் என்றான். ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருக்கிறானாம். “எதிர்ல இன்னா இருக்குதோ அத ஒண்ணொண்ணா பேர் சொல்லு. வாய்விட்டு சொல்லணும். மனசு பராக்கு பாக்கப் போயிடும். பயத்துக்கு அங்க எடம் இருக்காது.”

மறுநாள் காலை சக்கரபாணி டவுன் பஸ் ஏறினான். அதற்கு அடுத்த நாள் மாமியார் வந்துவிடுவாள். பஸ்ஸில் நெரிசல். ஆஸ்பத்திரியை நினைக்கக் கூடாது என்று நினைத்தான். உடனே அது வந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“கம்பி. ஜன்னல். டிக்கெட்டு.”

உண்மையில் கொஞ்சம் இறங்கியது. உற்சாகமாகத் தொடர்ந்தான்.

“பச்ச ரவிக்க. மூக்குத்தி. மூக்கு.”

மூக்குக்கு உரியவள் திரும்பினாள். “இன்னாது?”

நிறுத்தினால் செத்துப்போவோம் என்று அவனுக்குத் தோன்றியது. அடுத்து அவன் கண்ணில் பட்டது ஒரு செருப்பு. அது அவள் கையில் இருந்தது. அதையும் சொன்னான்.

முதல் அடி இடது கன்னத்தில் விழுந்தது, மழித்த கன்னம். இரண்டாவது அடிக்குள் மீன்காரி கன்னியம்மாள் கூடையைத் தாண்டி நடுவில் புகுந்துவிட்டாள். பெரிய மார்க்கெட்டில் கடை போடுகிறவள்.

“உடும்மா. ஒடம்பு நடுங்குது பாரு. வாய் கோணி ஒளறான். வலிப்பு.”

அவ்வளவுதான், பஸ் முழுக்கக் கருணை பொங்கிவிட்டது. வலிப்புக்குக் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் சாவிக்கொத்தைக் கொடுத்தார். போதாது என்று பட்டதால் டிரைவர் ஸ்பேனரைக் கொடுத்தனுப்பினார். எனக்கு வலிப்பு இல்லை, பயம்தான் என்று சக்கரபாணி சொல்லப் பார்த்தான். நடுக்கத்தில் ‘ப’ மட்டும் பலமுறை வந்தது. கன்னியம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கூடையிலிருந்து மீன் அரிகிற அரிவாள்மணையை எடுத்து அவன் வலது கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். “கெட்டியா புடிச்சிக்கோ கண்ணு. உட்றாத.”

காத்தவராயன் வைத்தியம் கைவிட்டதால் டாக்டர் வைத்தியத்துக்கு மாறினான். உதட்டைக் குவித்து நீளமாக ஊதினான். பச்சை ரவிக்கைக்காரி பின்வாங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பின்வாங்கினார்கள். பஸ் மார்க்கெட்டில் நின்றபோது மொத்தக் கூட்டமும் அவனை முன்னால் விட்டு இறக்கியது.

கீழே ஒரு சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் நின்றிருந்தார். ஒரு பக்கம் தாடி, ஒரு பக்கம் மழமழவென்று இருக்கிற ஆள், ஒரு கையில் ஸ்பேனரும் ஒரு கையில் அரிவாள்மணையுமாக, புஸ்ஸென்று ஊதிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கித் தன்னை நேராகப் பார்ப்பதை அவர் கண்டார்.

“தொப்பி,” என்றான் அந்த ஆள். “செவப்பு.”

போலீஸ்காரர் சர்வீஸில் முதல்முறையாக ஓரடி பின்னால் போனார். பிறகுதான் பாய்ந்து பிடித்தார். பஸ்ஸே இறங்கி வந்து அவருக்கு விளக்கம் சொன்னது. பாதிப் பேர் வலிப்பு என்றார்கள், பாதிப் பேர் பைத்தியம் என்றார்கள். எதுவானாலும் போகிற இடம் ஒன்றுதான் என்று அவர் ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். கன்னியம்மாள் அரிவாள்மணையையும் டிரைவர் ஸ்பேனரையும் வாங்கிக்கொண்டார்கள். சாவிக்கொத்து யாருடையது என்று தெரியவில்லை. அது அவனிடமே இருந்தது.

ரிக்‌ஷா அந்தத் தெருவுக்குள் திரும்பியது.

“அங்க வேணாங்க,” என்றான் சக்கரபாணி. “ஸ்டேஷனுக்கு கூட்டினு போங்க. ஜெயில்ல போடுங்க. அங்க மட்டும் வேணாம்.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாங்க,” என்றார் போலீஸ்காரர்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் நாடி பார்த்தார். ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரரும் டீ குடிக்கப் போனார். சக்கரபாணி பெஞ்சில் இருந்தான். டெட்டால் வாசனை. அதே பச்சைச் சுவர். இந்த முறை ஓட வழியில்லை, டீக்கடை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. நெஞ்சு எகிறியது. ஊதினான். பெயர் சொன்னான். இரண்டையும் சேர்த்தே செய்தான்.

“செவுரு. பக்கெட்டு. தொடப்பம். ஆயா. கேரியரு.”

நிறுத்தினான். மறுபடி பார்த்தான்.

ஆயா அஞ்சலாட்சி வராந்தாவில் வந்துகொண்டிருந்தாள். அவள் கையில் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் ஆடியது.

“யாரு, இட்லி தம்பியா?” என்று நின்றாள். “இன்னாப்பா இது, பாதி மொகத்தோட? கேரியருக்குத்தான் வந்தியா? ஜன்னல்ல வெச்சிட்டு போயிட்ட. கேட்டு வருவன்னு பாத்தேன். வரல. ஜன்னல்ல கெடந்தா எவனாவது தூக்கினு போயிடுவான்னு நானே அதுல சோறு எடுத்தாறேன்.”

அவனுடைய பதிலுக்குக் காத்திராமல் கருவாட்டுக் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். குழாயடியில் அடுக்குகளைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். ‘வசந்தா’ என்ற எழுத்தில் தண்ணீர் நின்றது. அவன் அதைக் கட்டைவிரலால் துடைத்தான். வந்த வேலை முடிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

“நான் ரயிலடிக்குப் போயிருக்கக் கூடாது,” என்றான். ஒரு வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான். “வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டாளே. அதுதான் அவ கடைசியா பேசினதா?”

அஞ்சலாட்சி கேரியர் மூடியைத் துடைத்தாள். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது. மறுபடி துடைத்தாள்.

“அன்னிக்கி ஒம் மூஞ்சிய பாத்துட்டு சொல்ல மனசு வரல தம்பி. கோவிச்சுக்காத. ‘வந்துட்டாரா’ன்னு கேட்டுச்சி. இன்னும் வரலம்மான்னேன். ‘அப்பாடா’ன்னு சிரிச்சிச்சி. போர்வைய இழுத்து போத்திக்கினு கண்ண மூடிச்சி. மூடிக்கினு ஒண்ணு சொல்லிச்சி.”

“என்ன சொன்னா?”

“‘அக்கா, அவரு இட்லியோட வந்தா, நான் தூங்கறேன்னு சொல்லிடுங்க.’”