ஒட்டிக்கொண்ட கிளட்சும் உன் அக்காவின் நேர்முகமும்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்; என் இடது கை விரல்கள் மட்டும் இன்னும் நிமிர மறுக்கின்றன. அங்கே நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் உன் பழைய மோட்டார் சைக்கிள்.

மாற்றலாகிப் போகும்போது "அத்தான், சும்மா மாடிப்படிக்குக் கீழ நிக்கட்டும்" என்று விட்டுப்போனாயே, நீ சொன்னபடியே அது மழைக்காலம் முழுக்க நின்றது. செவ்வாய்க்கிழமை காலை உன் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலைக்கு நேர்முகம். எங்கள் கம்பெனியை மூடிய பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையில், அந்த வேலை எங்களுக்கு எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் வரவில்லை, ஆட்டோவும் கிடைக்கவில்லை. இது இருக்கிறதே என்று உதைத்தேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது. கிளட்சை நன்றாகப் பிடித்துக்கொண்டுதான் கியரைப் போட்டேன், சத்தியமாக. வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து தண்ணீர் டிரம்மில் முட்டி அணைந்தது.

எதிர்ப்பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"கிளட்ச் பிளேட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு சார். ரொம்ப நாள் நின்னா அப்படித்தான். நியூட்ரல்ல ஓடட்டும், நான் தள்ளுறேன். உருளும்போது கியரப் போட்டுட்டு, கிளட்ச விடாம புடிச்சுக்கிட்டு, ஆக்சிலேட்டர முறுக்கி முறுக்கி பிரேக் அடிங்க. பிச்சுக்கிட்டு வந்துரும்."

"எது?"

"பிளேட்டுதான். என் மச்சான் இப்படித்தான் சரி பண்ணான்."

"இப்ப நல்லா ஓடுதா?"

"வித்துட்டான் சார்."

நான் யோசிப்பதற்குள் உன் அக்கா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள், அவர் தள்ளினார், கியர் விழுந்தது, எங்கள் இருவர் தலையும் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பின, அதற்குப் பிறகு வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு வந்தது. நின்றால் தள்ள ஆளில்லை என்று பக்கத்துச் சந்தில் திருப்பினேன், அங்கே குறுக்கே ஒரு தள்ளுவண்டி, வெங்காயத்துக்கும் சுவருக்கும் நடுவில் எப்படிப் புகுந்தேன் என்று எனக்கே தெரியாது, பிரேக்கை ஓங்கி அடித்தால் உன் அக்கா என் தலைக்கு மேலாகப் பறந்துவிடுவாளோ என்று பயந்து பயந்து தடவிக்கொண்டே போனதில் பள்ளி வாசல் வந்தது, போயும் விட்டது.

"ஏங்க, ஸ்கூல் அங்க இருக்கு."

"தெரியுது."

"அப்ப நிறுத்துங்க."

"நிக்காது."

சாவியைத் திருப்பினால் அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கை இரண்டும் காலியில்லை, புத்தியும் கூட வரவில்லை. தெருவைச் சுற்றி வந்தோம். காவலாளி மரியாதையாக எழுந்து நின்றார். மறுபடி வந்தபோது கேட்டைச் சாத்தத் தொடங்கியிருந்தார். உன் அக்கா என் காதருகே, சத்தமே இல்லாமல், "இந்த வேலை போச்சுன்னா உங்கள ஒண்ணும் திட்டமாட்டேன். பேசவும் மாட்டேன்" என்றாள்.

ஆக்சிலேட்டரை முறுக்கிய கையை விடாமல் பிரேக்கை உள்ள பலத்தையெல்லாம் கூட்டி மிதித்தேன். அடியில் 'டக்' என்று ஏதோ விட்டது. எஞ்சின் அலறியது, வண்டி நின்றது. உடைந்தே போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பின்சீட் காலி. அவள் கேட் இடுக்கில் நுழைந்து, புடவையைச் சரிசெய்தபடி, திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தாள்.

வேலை கிடைத்துவிட்டது. தலைமையாசிரியை, "வெளிய சத்தம் போட்டுச் சுத்திக்கிட்டிருந்தது யாரும்மா?" என்று கேட்டாராம். "தெரியலைங்க மேடம்" என்றாளாம்.

ஆகவே உறுதியாக எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து உன் வண்டியை எடுத்துப்போ, அல்லது யார் தலையிலாவது கட்டு. இனி அதை நான் தொடமாட்டேன். உன் அக்காவையும் தொடவிடமாட்டேன். இந்த வீட்டில் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு. குழந்தைகள் நோய்நொடியின்றி வளரட்டும்; உன் மனைவியை நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டாம். அந்த 'டக்'கில் பிளேட்டு பிரிந்து கிளட்ச் சரியாகிவிட்டது; வேலைக்குப் போய்வர அவளுக்கு வண்டி வேண்டுமாம். நேற்று மைதானத்தில் மூன்றாம் கியர் வரை ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்தது நான். சாவி அவளிடம் இருக்கிறது. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். தைரியம் இருந்தால் நீ கேட்டுப் பார்.