நர்ஸ் இசக்கியம்மாளை உடனே மாற்றவும்

குன்னூர் ஆஸ்பத்திரி,
ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.

அன்புள்ள மாப்பிள்ளை வேலாமணிக்கு,

உங்கள் அக்கா சுசீலாவைக் கட்டிக்கொண்ட கருணாகரன் எழுதிக்கொண்டது. இவ்விடம் குளிர், மூடுபனி, ஆத்திரம் மூன்றுக்கும் குறைவில்லை. அவ்விடம் கோயமுத்தூரில் தாங்கள் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்க முருகன் துணை செய்வானாக. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். பேனா அந்த நர்ஸினுடையது.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதம் வந்து, வலது கை விழுந்து, வாயும் கோணி நான் படுத்துக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். குழறிப் பேசி நாலு பேர் சிரிப்பதற்குச் சும்மா கிடப்பதே மேல் என்று வாயை மூடிக்கொண்டேன். எஸ்டேட் ஃபேக்டரியில் இலையைத் தூளாக்கித் தரம் பிரிக்கும் டீ மேக்கராக இருந்து, நான் ஒரு அதட்டல் போட்டால் மெஷினே நிற்கும் என்று பேர் வாங்கியவன், கைக்குழந்தை மாதிரி 'அ, ஆ' என்று கத்துவேனா? இந்த இசக்கியம்மாள், ஓவேலியில் கொழுந்து பறிக்கிறவர்கள் வீட்டுப் பெண், ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரி டீயை நீட்டி, வார்டே கேட்க, "ஏனுங்க அய்யா, அருமையான பி.ஓ.பி. இலைங்க, குடிச்சுப் பாருங்க" என்கிறாள். குப்பைத் தூளைப் பாலில் போட்டு வேகவைத்த கஷாயம்! என் முகத்துக்கு நேரே முதல்தர இலையாம்! அடக்க முடியவில்லை மாப்பிள்ளை. "டஸ்ட்டு!" என்று கத்திவிட்டேன்.

என் வாயில் முதலில் முருகன் பேர் வரும், இல்லாவிட்டால் தன் பேராவது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தவள் உங்கள் அக்கா. வந்தது டஸ்ட்டு. "என்ற பேரு வரலீல்ல?" என்று இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். இதற்கு யார் பதில் சொல்வது?

அதோடு விட்டாளா அந்த நர்ஸ்? தினமும் ஒரு டம்ளர் கொண்டுவந்து, "ஃபேக்டரியில ருசி பாப்பீங்கல்லங்க, அதே மாதிரி சத்தமா உறிஞ்சி, துப்பிச் சொல்லுங்க" என்கிறாள். வாய்க்கு நல்லது என்று டாக்டரும் தலையாட்டிவிட்டாராம். பக்கத்துக் கட்டில் ஆறுமுகசாமி, இத்தலாரில் முட்டைக்கோஸ் போடுகிறவன், அவனும் உறிஞ்சித் துப்பி, "நல்லாத்தானுங்க இருக்குது" என்று தீர்ப்புச் சொல்கிறான். முட்டைக்கோசுக்காரனுக்கு டீயப் பத்தி என்னய்யா தெரியும்? அவன்கிட்ட சண்ட போட்டே எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு. அதுக்கும் இவ சிரிக்கிறா. விழுந்து கெடக்குற கையத் தூக்கி வச்சுக்கிட்டு விரல் விரலா நீவிக்கிட்டே சிரிக்கிறா. இனி உதவாத கை, விடும்மான்னா கேக்கறதே இல்ல.

இன்னிக்குப் பொறுக்கமாட்டாம, "உம்மேல புகார் எழுதறேன் பாரு"ன்னேன். உங்க அக்காவ எழுதச் சொன்னா, இந்த நர்ஸ் குறுக்க வந்து தன்னோட பேனாவ என் கையில சொருகி, "கோபம் உங்களுதுங்க. நீங்களே எழுதுங்க"ன்னுட்டுப் போயிட்டா. திமிரப் பாத்தீங்களா?

ஆகவே, சுகாதார அலுவலகத்தில் உங்களுக்கு வேண்டிய அதிகாரியிடம் இதைக் காட்டி, இவளை அவலாஞ்சிக் காட்டுக்கு மாற்ற வேண்டியது. அங்கே காட்டெருமைக்கு ஊசி போட்டுக்கொண்டு இருக்கட்டும்.

தங்கள் வீட்டு அடுப்படிக்குள் டஸ்ட் நுழையாதிருக்க ஆசீர்வதிக்கும்,
கருணாகரன்

பி.கு.: ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா வந்து பார்த்து, "ஏனுங்க, சோத்துக் கையிலயா எழுதுனீங்க?" என்று ஓவென்று அழுகிறாள். அப்புறம்தான் நானே என் கையைப் பார்த்தேன். கோபத்தில் கவனிக்கவில்லை. அந்த நர்ஸும் வந்து முழுக்கப் படித்துவிட்டு, "கடைசில காட்டம் கொறஞ்சிருச்சுங்க அய்யா. நாளைக்கு இன்னொன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஆகவே மாப்பிள்ளை, இதை அந்த அதிகாரி கண்ணில் காட்டினீர்களோ, உங்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவளை மாற்றிவிட்டால் நாளைக்கு நான் யார் மேல் புகார் எழுதுவது?