அன்னாராகிய நான்

தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுத உட்காருகிறவனுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. கதாநாயகன் இன்னும் சாகவில்லை. எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல் எல்லோரும் திணறுவார்கள். நான் திணறவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கிளார்க். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையில் வேலை இருந்தது, தலையில் முடி போய்க்கொண்டிருந்தது, பெண்தான் அமையவில்லை. அப்போது அரக்கோணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் ஹெலன். வேலூரில் நர்ஸ். போட்டோவில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் நிற்கும் யாரையோ சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நான் விழுந்தேன். இவள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

பெண் வீட்டிலிருந்து வந்தது ஒரே நிபந்தனை. சம்பந்தம் பேசிய பெரியவர் வந்து சொன்னார்: "பயோடேட்டாவ யார் வேணா டைப் அடிச்சுக் குடுப்பாங்களாம். பையன் தன் கதைய தானே ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும்னு பொண்ணு கேக்குது. அதப் பாத்துட்டுதான் பொண்ணு பாக்கவே வரச் சொல்லுவாங்க."

மறுநாள் மதியம் ஆபீசில் எழுத உட்கார்ந்தேன். கரண்ட் போயிருந்தது. மெஷின்கள் நின்றுபோய், கட்டடமே மூச்சை அடக்கிக்கொண்டது போல இருந்தது. 'நான் பிறந்தேன்' என்று எழுதினேன். அசிங்கமாக இருந்தது. 'நான் படித்தேன்.' அதைவிட அசிங்கம். எழுத எழுத நான் என்ற ஆள் ஒரு வெத்துவேட்டு என்பதுதான் தெரியவந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் யாராவது இறந்தால், அடக்க ஆராதனையில் அவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதி வாசிப்பது வழக்கம். எனக்குக் கணீரென்ற குரல் என்பதால் அந்தப் பொறுப்பு காலேஜ் நாளிலேயே என் தலையில் விழுந்துவிட்டது. எழுதுவதும் நானே, வாசிப்பதும் நானே. (உடம்பு சரியில்லாத பெரியவர்கள் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.) ஆக, நான் அறிந்த வாழ்க்கை வரலாறெல்லாம் செத்தவர்களுடையதுதான். செத்தவர்களில் சிடுமூஞ்சியே கிடையாது. எல்லோரும் அதிர்ந்து பேசாதவர்கள், எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள்.

'நான்' என்பதை அடித்துவிட்டு 'அன்னார்' என்று போட்டேன். அவ்வளவுதான், பேனா பறந்தது. 'அன்னார் சிறு வயதிலேயே மஞ்சள் காமாலையுடன் போராடி ஜெயித்தவர். அன்னார் அதிர்ந்து பேசாதவர். அன்னாருக்குத் திருமணமாகவில்லை.' படிக்கப் படிக்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. முடித்துவிட்டு ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

அந்த வாரக் கடைசியில், சனிக்கிழமை விடியற்காலையில், எங்கள் பக்கத்து வீட்டு பாக்கியநாதன் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். தோல் மண்டியில் கணக்கு பார்த்து ரிட்டையர் ஆனவர். தெருவில் பந்தல் போட்டு இரும்பு நாற்காலிகளை விரித்தார்கள். நான் அவருடைய சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. ஆழ்ந்த அனுதாபம், நாங்கள் புறப்பட்டு வருகிறோம் என்று அரக்கோணத்துக்காரர்கள் கொடுத்திருந்தார்கள்.

அப்பா உருகிவிட்டார். "இன்னா தங்கமான குடும்பம்டா! பக்கத்து வீட்டு சாவுக்கே தந்தி குடுக்குறாங்க பாரு."

அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது நேத்து சாயங்காலமே குடுத்த தந்திங்க. பாக்கியநாதன் அண்ணன் போனது இன்னிக்குக் காலைல."

பந்தலில் பாட்டு ஆரம்பித்திருந்தார்கள்.

"நேத்து சாயங்காலம் அவர் நம்ம வாசல்ல நின்னு மோர் குடிச்சாரு," என்றாள் அம்மா. "அவங்களுக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது? எனக்கு இந்த சம்பந்தம் வேணாம்டா. ஒதறுது."

எனக்கும் பயம்தான். ஆனால் போட்டோவில் இருந்த அந்தப் பார்வையை விட மனசில்லை. தபால்காரங்க நேரத்தைத் தப்பா போட்டிருப்பாங்க என்று சமாளித்தேன். என் குரலை நானே நம்பவில்லை.

மாலை வெயிலில் ஆராதனை தொடங்கியது. பதனிடும் தோலின் வாடையும் ரோஜா மாலையின் வாடையும் கலந்து பந்தலுக்குள் நின்றுவிட்டன. பெட்டிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து நான் வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி முடிந்து தலையைத் தூக்கினேன். மூன்றாவது வரிசையில் ஹெலன் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளைப் புடவை. மடியில் ஒரு மலர் வளையம். போட்டோவில் பார்த்த அதே பார்வை, இப்போது நேராக என்மேல். அவள் பக்கத்தில் ஒரு பெரியவரும் ஓர் அம்மாளும் கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை.

வெயிலில் கண் இருட்டுகிறது போல என்று நினைத்துக் காகிதத்துக்குத் திரும்பினேன். "அன்னார் அதிர்ந்து பேசாதவர்..."

அவளுடைய உதடுகளும் அசைந்தன. நான் வாசிக்கப் போகும் வரியை, எனக்கு முன்னாலேயே, அவள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். 'எறும்புக்கும் தீங்கு நினையாதவர்.' அதுவேதான். அன்றைக்குக் காலையில் எழுதிய காகிதம் அது. என்னைத் தவிர யாரும் பார்க்காதது. மைக் கீச்சென்று கத்தியது.

சட்டென்று எனக்கு ஒரு பயங்கரமான சந்தேகம் வந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, பாக்கியநாதன் மாமாதான் இருந்தார்.

நான் குனிந்து பார்த்ததுதான் தாமதம், அந்த அம்மாள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். "ஏசுவே! செத்தவன் நின்னு பேசுறானே! அவன் பொட்டிய அவனே பாக்குறானே!"

பந்தலில் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். எதற்கு ஓடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. போதகர் ஓடவில்லை. ஆனால் என்னைத்தான் உற்றுப் பார்த்தார்.

அந்தப் பெரியவர், ஹெலனின் அப்பா, ஒரு காகிதத்தை நீட்டினார். என் காகிதம். என் கையெழுத்து. கடைசி வரிகள் இப்படி இருந்தன: 'அன்னார் இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இப்படிக்கு, துயருறும் குடும்பத்தார்.'

இன்றுவரை அந்த வரிகளை எழுதியது எனக்கு ஞாபகமில்லை. பழகின மாடு தானாகத் தொழுவத்துக்குப் போவது போல என் கை தானாகப் போய் முடித்திருக்கிறது. வாசித்துப் பார்த்த காதும் வழக்கம்தானே என்று விட்டுவிட்டது. அவர்கள், பையன் இறந்துவிட்டான், குடும்பத்தார் எழுதியிருக்கிறார்கள் என்று நம்பித் தந்தி கொடுத்துவிட்டுத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். தெருவில் பந்தலைப் பார்த்ததும், இன்னும் எடுக்கவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான், நாங்கள் அனுப்பிய போட்டோவில் பார்த்த பிணம் எழுந்து மைக்கைப் பிடித்திருக்கிறது. மாமாவுக்கு எழுதியதும் எனக்கு எழுதியதும் அதே வரிகள்தான் என்பதால் ஹெலனுக்கு அவை மனப்பாடமாகியிருந்தன.

அம்மா காகிதத்தைப் படித்தாள். அத்தனை பேர் முன்னால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாக்கியநாதன் மாமாவின் மிச்ச சரித்திரத்தைப் போதகரே வாசித்தார்.

எல்லாம் போச்சு என்று கொல்லைப்பக்கம் போய் நின்றேன். செத்துப்போயிருந்தால்கூட இவ்வளவு கேவலம் இல்லை என்று தோன்றியது. பின்னால் காலடிச் சத்தம். ஹெலன்.

"எங்க அப்பா, அத்தை எல்லாம் நம்பிட்டாங்க," என்றாள். "நான் நம்பல. பயோடேட்டாவுக்கு அடியில நீங்க போட்ட கையெழுத்தும் இந்தக் கடைசி வரியும் ஒரே கை. தான் செத்ததைத் தானே எழுதி போஸ்ட் பண்ற ஆள் எப்படி இருப்பாருன்னு பாக்கணும்னுதான் வந்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். பயமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மலர் வளையம் பாக்கியநாதன் மாமாவுக்குப் போனது, நான் ஹெலனுக்குப் போனேன். அடுத்த கோடையில் கல்யாணம். பந்தலில் நாற்காலியோடு சாய்ந்த அவளுடைய அத்தை மட்டும் மேடையில் ஆசீர்வதிக்கும்போது என் கையைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டால், "அன்னாரே, துயருறும் குடும்பத்தார் காபி போட்டாச்சு" என்று என் மகள் கதவைத் தட்டுவாள். அந்தக் காகிதத்தை ஹெலன் தன் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். 'அன்னாருக்குத் திருமணமாகவில்லை' என்ற வரியை அடித்துவிட்டு, மேலே அவள் கையெழுத்தில் 'ஆயிற்று' என்று எழுதியிருந்தது.

"கடைசி வரிய மட்டும் ஏன் அடிக்கல?" என்று கேட்டேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அது அப்படியே இருக்கட்டும். வாசிக்கறப்போ வேணும்."