மணியடித்துக் கடவுளை நிரூபித்தவர்

பழைய கிடங்கில் நிற்க இடமில்லை. காலங்காலமாக மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்ட வழக்குக்கு மணிச்சாமியார் ஒரே வாரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டாராம். கடவுள் உண்டா, இல்லையா? வாதத்தை உரக்கச் சொன்னால் போதும். மெய்யான வாதமென்றால் சாமியார் தலைக்கு மேலே தொங்கும் மணி தானாக அடிக்கும்.

"செஞ்சவன் இல்லாம கடிகாரம் இல்ல. உலகம் மட்டும் எப்படி வரும்?" என்றார் ஒரு வக்கீல். மணி அடித்தது.

"அப்போ கடவுளைச் செஞ்சது யாரு?" என்றார் ஒரு தச்சர். மணி மூச்சு விடவில்லை. வாதம் தோற்றது. கூட்டம் கைதட்டியது. எவ்வளவு சிக்கனமான தத்துவம்!

கூட்டத்தில் இருந்த ஒரு தையற்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அவள் கணவர், முடிதிருத்துபவர், வயிற்றைப் பிடித்தபடி முனகிக்கொண்டிருந்தார். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே அறுவை செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆனால், "கத்தியை நம்புறவன் கடவுளை நம்பாதவன்" என்று சாமியார் சொல்ல, மணியும் ஆமோதித்துவிட்டதே! கத்தியை வைத்தே பிழைக்கிற மனிதருக்குக் கத்தி திடீரென்று பாவமாகிவிட்டது.

அவள் கணவரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்தாள்.

"சாமி, மனசுக்குள்ள சொன்னா கடவுளுக்குக் கேக்குமில்ல?"

"எல்லாம் கேக்கும்மா." பாவம், அவசரப்பட்டுவிட்டார்.

கண்ணை மூடிக் கைகூப்பினாள். கணவர் பிழைக்க வேண்டுமே என்ற பயத்தில் கண்ணீர் தானாக வந்தது. அதைப் பார்த்ததும் மணி கணகணவென்று அடித்தது.

"பார்த்தீங்களா, இதுதான் பக்தியோட வாதம்" என்றார் சாமியார்.

கணவர் முகம் வெளுத்துப்போனது. "இல்ல சாமி. கடவுள் இல்லவே இல்லன்னு நினைக்கப்போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எழுந்தா."

தினமும் முதல் வரிசையில் உட்காரும் பக்தர் சொன்னால் யார் மறுப்பது?

"அப்ப மணி நாத்திகமா மாறிடுச்சா?" என்று வக்கீல் குழம்பினார்.

சாமியார் கோபமாக எழுந்தார். மணி அடித்தது. ஓரடி வைத்தார். அடித்தது. ஓடினார். விடாமல் அடித்தது. அவர் கால் கட்டைவிரலில் கட்டிய மெல்லிய கயிறு, நாற்காலிக்குப் பின்னால் ஏறி மணிவரை போயிருந்தது.

"ஓடும்போது எத்தனை வாதம் ஜெயிக்குது பாருங்க" என்றார் வக்கீல், இன்னும் விளங்காமல்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றார் கணவர், மெதுவாக.

"வாங்க" என்று அவள் அவரைத் தாங்கி நடத்திச் சென்றாள்.

கடவுள் உண்டா இல்லையா என்று ஆயுள் முழுக்க வாதாடுங்கள், தப்பில்லை. அதற்கு முன் ஒரே ஒருமுறை குனிந்து, கயிறு யார் காலில் இருக்கிறது என்று பாருங்கள்.