மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் விஷம் வைத்த கதை

நான் ஒரே ஒரு முறைதான் கொலை செய்திருக்கிறேன். அதிலும் யாரும் சாகவில்லை. நாலு பேருக்கு ஒரே நேரத்தில் விஷம் கொடுத்தும் ஒருவர்கூடச் சாகாதது என் திறமைக் குறைவு என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் தேயிலை மலைமேல் சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஓவர்சியர். சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கம். மலை ஏறிப் பத்து வருஷம் ஆகியும் அப்பா பேச்சிலிருந்து 'ங்க' இறங்கவில்லை. நான் பாலக்காட்டில் ஹாஸ்டலில் தங்கி பிரீ டிகிரி எழுதிவிட்டு, ரிசல்ட்டுக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஓயாத மழை. வேலைவெட்டி இல்லாதவள் கையில் யாரும் புத்தகம் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இன்ஜினீயரம்மா மாற்றலாகிப் போகும்போது ஒரு மரப்பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். உள்ளே பதினாலு இங்கிலீஷ் துப்பறியும் நாவல்கள். எல்லாம் ஒரே வரிசை, ஒரே கிராமத்தில் நடப்பவை. ஒரு சர்ச், ஒரு பேக்கரி, ஒரு தபால் ஆபீஸ், வீட்டுக்கு வீடு ரோஜாச் செடி. அவ்வளவு சாதுவான ஊரில் புத்தகத்துக்கு ஒருவர் வீதம் செத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் அரிவாள், ரத்தம் என்று அசிங்கமாக இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, டீ குடித்து, நாகரிகமாக. போலீஸ் தலையைச் சொறியும். தபால் ஆபீசில் ஸ்டாம்பு விற்கும் ஓர் அம்மாள் கொலையாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஸ்டாம்பு விற்கப் போய்விடுவார். (இப்படியே போனால் ஸ்டாம்பு வாங்க ஊரில் ஆள் இருக்குமா என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.)

எட்டுப் புத்தகம் முடிந்தபோது எனக்குச் சித்திரபுரமே அந்தக் கிராமமாகிவிட்டது. அதே மூடுபனி, அதே ஓட்டு வீடு, தூரத்தில் அதே சர்ச் மணி. பால்காரர் தாமதமாக வந்தால் நோட்டில் நேரம் குறித்தேன். எதிர்வீட்டு அம்மா கோழிக்குத் தீனி போட்டால், கோழி உயிரோடு இருக்கிறதா என்று மறுநாள் போய்ப் பார்த்தேன். அம்மா திட்டினால் அப்பா குறுக்கே வருவார்.

"உடு புள்ள, அம்மிணி இங்கிலீசு படிச்சுட்டு இருக்குது."

அந்த நேரத்தில்தான் அக்கா செல்வியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்காவுக்கு இருபத்தைந்து. அதற்கு முன் வந்த மூன்று இடமும் ஏதேதோ காரணத்தில் தட்டிப் போயிருந்தன. இந்த மாப்பிள்ளை ராஜமணி பக்கத்து எஸ்டேட் ஆபீசில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். ஜாதகம் முதல் எல்லாம் பொருந்தியாயிற்று, பேச்சு மட்டும்தான் வேறு. தையல் வகுப்புக்குப் போகிற பஸ்ஸில் அக்கா அவரை நாலைந்து முறை பார்த்திருக்கிறாள். ஆள் எப்படி என்று கேட்டேன்.

"சீட்டு காலியா இருந்தாலும் நின்னுட்டேதான் வருவாரு" என்றாள். அதைச் சொல்வதற்குள் காது சிவந்துவிட்டது. இந்தச் சம்பந்தமும் தட்டிப் போனால் அக்கா தாங்கமாட்டாள் என்று எனக்கே புரிந்தது. (எனக்கே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

வருகிற அன்று காலையில் அம்மா, விருந்தாளிகள் உட்காரப்போகும் கட்டிலில் மூட்டைப்பூச்சிப் பொடி தூவினார். அந்தப் பொடி டப்பாவும் சர்க்கரை டப்பாவும் அண்ணன் தம்பி. இரண்டும் பழைய பிஸ்கட் டப்பா, இரண்டுக்குள்ளும் வெள்ளையாகத்தான் இருக்கும். டீ போடும் பொறுப்பு எனக்கு. ஒன்பதாவது புத்தகத்தை அம்மிக்கல்லில் சாய்த்துவைத்து, ஒரு கண்ணால் பாதிரியார் சாவதைப் பார்த்துக்கொண்டு, மறு கண்ணால் டீ போட்டேன். எந்த டப்பாவில் கைவிட்டாய் என்று அப்போது கேட்டிருந்தால் கற்பூரம் அடித்துச் சொல்லியிருக்க முடியாது.

மாப்பிள்ளை, அவர் அப்பா ஐயாதுரை, அவர் அம்மா, மூன்று பேர் வந்தார்கள். ஐயாதுரை தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். டீ மேக்கர் என்றால் என்ன வேலை என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கரண்டுக்காரர்கள். ஏதோ மெஷின் ஓட்டுவார் என்று நினைத்துக்கொண்டோம்.

அக்கா குனிந்த தலை நிமிராமல் டீத் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கதவோரம் நின்றேன். ஐயாதுரை கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு 'சர்ர்ர்ர்' என்று ஓர் உறிஞ்சல், சுவரில் காலண்டர் ஆடியது. வலது கன்னம் உப்பியது, இடது கன்னம் உப்பியது. கண்ணை மூடினார். சட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போய், அம்மாவின் டேலியாச் செடி மேல் 'ப்ளிச்' என்று துப்பினார்.

எட்டுப் புத்தகத்திலும் டீயைத் துப்பியவர் அடுத்த பக்கத்தில் உயிரோடு இருந்ததில்லை. தபால் ஆபீஸ் அம்மாள் என்ன சொல்வார்? கொலையாளி எப்போதும் யாரும் சந்தேகப்படாத ஆள். டீ போட்டது யார்? பதினேழு வயதில், என் முதல் கேஸிலேயே, நான் கண்டுபிடித்த கொலையாளி நான்.

"யாரும் குடிக்காதீங்க! டீயில வெசம்! நாந்தான் கலந்துட்டேன்!"

கத்திக்கொண்டே பாய்ந்து மாப்பிள்ளையின் கிளாஸைத் தட்டிவிட்டேன். பாதி டீ வேட்டியில். மீதிப் பாதி ஏற்கெனவே அவர் வயிற்றில். "ஐயையோ, நான் முழுசும் குடிச்சிட்டேனே!" என்று மாப்பிள்ளையின் அம்மா பொடி தூவிய கட்டிலிலேயே சாய்ந்தார். ஐந்தாவது புத்தகத்தில் இதற்கு வைத்தியம் இருந்தது. ஓடிப்போய்க் கடுகை நசுக்கி வெந்நீரில் கலக்கி, அந்த அம்மாவின் வாயில் ஊற்றினேன். நன்றாக வேலை செய்தது. டேலியாவுக்கு அன்று இரண்டாவது முறை.

அதற்குள் உள்ளேயிருந்து அக்கா வந்தாள். வந்தாள் என்ன, பாய்ந்தாள். மாப்பிள்ளையின் பிடரியைப் பிடித்துக் குனியவைத்து முதுகில் படார் படாரென்று அடித்தாள்.

"துப்புங்க! துப்புங்கன்னா துப்புங்க!"

அக்காவுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எங்களுக்கே அன்றுதான் தெரியும். மாப்பிள்ளை துப்பவில்லை. குனிந்தபடியே கழுத்தைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயாதுரை மட்டும் நிதானமாக என்னைக் கூப்பிட்டார். "ஏ பிள்ள, எந்த டப்பால சீனி எடுத்த? அதக் கொண்டா."

கொண்டுவந்தேன். மூடியைத் திறந்தார். "எறும்பு மொய்க்கி பாரு. பூச்சிப் பொடின்னா இது உசுரோட அலையுமா?" அந்த நேரத்தில் கட்டிலுக்கடியிலிருந்து பொடி டப்பாவை அம்மா எடுத்துக் காட்டினார், காலையில் வைத்த இடத்திலேயே.

"அப்புறம் ஏனுங்க துப்புனீங்க?" என்றார் அம்மா.

"அது பழக்கம்லா? முப்பது வருசமா தெனமும் டீய வாயில வச்சி ருசி பாத்துத் துப்புததுதான் என் வேல. முழுங்கினா அடுத்த டீக்கு நாக்கு வேல செய்யாது. புதுசா ஒரு டீயக் கண்டா காலு அதுபாட்டுக்கு ஜன்னலத் தேடிப் போயிருது." பிறகு என்னைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "தூளு பழசு. தண்ணி கொதி பத்தல. வெசம்லாம் இல்ல."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இந்த வீட்டு டீயும் வேண்டாம், பொண்ணும் வேண்டாம். கெளம்புங்க."

மழையிலேயே போனார்கள். அக்கா அழவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அம்மா பதினாலு புத்தகத்தையும் அடுப்பில் எரித்து எல்லாருக்கும் குளிக்க வெந்நீர் போட்டார். (ஒன்பதாவது புத்தகத்தில் பாதிரியாரைக் கொன்றது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.) அக்கா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பத்தாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்தார். கையில் பிளாஸ்க். தன் டீயைத் தானே கொண்டுவந்திருந்தார்.

"எம்மவன் கறை புடிச்ச வேட்டியத் தொவைக்கவே விட மாட்டேங்கான்" என்று ஆரம்பித்தார். "வீட்டுக்குப் போயி நானும் ரோசன பண்ணுனேன். நாங்க எல்லாரும் டீ குடிச்சிருக்கோம். செல்விப் புள்ள உள்ளருந்து நேரா எம்மவன்கிட்டல்லா ஓடி வந்துச்சி? தன்னப் பெத்த அப்பனக்கூடத் திரும்பிப் பாக்கல. இதுக்கு மேல என்ன பொருத்தம் பாக்க? ஆனா ஒண்ணு. சின்னவ எங்க அடுப்பாங்கரைக்குள்ள வரப்பிடாது."

அப்போதுதான் எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். அந்தக் களேபரத்தில் அவரை ஒருவரும் நினைக்கவே இல்லை. அப்பா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் ஒரு கிளாஸ் குடிச்சனுங்க. முழுசா. ஒருத்தரும் எனக்குக் கடுகுத் தண்ணி தரலீங்க. செரி, வர்றது வரட்டும்னு அப்படியே உக்காந்துட்டு இருந்தனுங்க."

அன்று சாத்தியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சிரித்தாள். கல்யாணம் நிச்சயமானது அந்தச் சிரிப்பில்தான் என்பேன்.

அடுப்பாங்கரைத் தடை இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரையாவது மறந்துவிட்டால், போட்டோவில் விட்டுவிட்டால், பாயசம் ஊற்றாமல் தாண்டிப் போனால், அவர் சொன்னதைத்தான் சொல்வோம். போன மாதம் அக்கா பேத்தியின் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் இலை போட மறந்துவிட்டார்கள்.

"நானும் ஒரு கிளாஸ் குடிச்சனுங்க" என்றேன்.

பந்தியே சிரித்தது. ராஜமணி மாமா எழுந்துவந்து தன் கையால் எனக்கு இலை போட்டார். சாப்பாடு முடிந்ததும் ஒரு கிளாஸ் டீயும் கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொண்டு, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.