அப்பா இடது, முறிவு ஏழு

மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மூத்த மைத்துனன், எழுந்து நிற்கப் பயந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மகளும் நலம். அதாவது, மகள் நலம். வெள்ளிக்கிழமை உங்கள் கண் ஆபரேஷனுக்குத் துணையாக வருவதாகச் சொல்லியிருந்தேன். வர முடியாது. காரணத்தைக் கேளுங்கள்.

சர்க்கரை நோயில் என் இடது பாதம் போனதும், செயற்கைக் கால் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகளே எனக்கு ஒரு கார்பன் பாதம் கொண்டுவந்து மாட்டிவிட்டாள் அல்லவா, மெல்லிய கார்பன் துணியை ஏடு ஏடாக அடுக்கிப் பிசின் போட்டு ஒட்டியது, இரும்பு தோற்றுப்போகும் என்று நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். போன வாரம் படி இறங்கும்போது அதில் 'டிக்' என்று ஒரு சத்தம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், மகளிடம் சொல்லித் தொலைத்தேன். உடனே என்னை எடை போட்டாள், நடக்கவிட்டு வீடியோ எடுத்தாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முந்தாநாள் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவன் திரையைப் பார்த்தேன், மாப்பிள்ளை, அந்தத் தண்ணீரை நானே குடித்துவிட்டேன். மேலே 'அப்பா இடது, முறிவு ஏழு' என்று எழுதியிருக்கிறது. கீழே என் பாதம், சாட்சாத் என் பாதம்! குதிகால் ஊன்றுகிறது, நுனி வளைகிறது, நடுவில் சிவப்பாக ஒரு கீற்று தோன்றி ஓடுகிறது, ஏடுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, நனைந்த புத்தகம் மாதிரி வாயைப் பிளக்கின்றன. ஏழு என்றால், இதற்கு முன்பே ஆறு தடவை என் காலை உடைத்துப் பார்த்திருக்கிறாள்!

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லப்பா. கண்ணுக்குத் தெரியணும்னு நூறு மடங்கு பெரிசாக்கிக் காட்டுது."

"விரிசல் எப்படி வந்துச்சு?"

"நான்தான் வச்சேன்."

பெற்ற மகள், மாப்பிள்ளை! "முதல் விரிசலை நாமளே வச்சாத்தான், அது எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு பாரத்துல ஏடு பிரியும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். நான் இங்க பிளந்து பாக்கலேன்னா அது படிக்கட்டுல உங்க கால்லதான்பா பிளக்கும்" என்றாள். சொல்லிவிட்டுத் திரையை விட்டுவிட்டு என் காலையே பார்த்தாள். படித்தவளே பயந்தால் நான் எங்கே போவேன்? "இப்ப நடக்கலாமா, கூடாதா?" என்றேன். "தாராளமா நடக்கலாம்" என்றாள். "நூத்துக்கு நூறா?" என்றேன். "நூத்துக்கு நூறுன்னு எந்தப் பொருளுக்கும் சொல்ல முடியாதுப்பா" என்றாள். போச்சு, எல்லாம் போச்சு!

அன்று முதல் இடது காலை நான் தரையில் ஊன்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தித்தான் பாத்ரூம் வரைக்கும். வாசற்படியைப் பார்த்தாலே நாற்காலிக்குத் திரும்பிவிடுகிறேன். சாவதற்கு எனக்குப் பயமில்லை, விழுவதற்குத்தான் பயம். மறுபடியும் படுக்கையில் கிடந்து, எதற்கெடுத்தாலும் அவளைக் கூப்பிடுகிற பிழைப்பு எனக்கு வேண்டவே வேண்டாம்.

ஆகவே என்னை எதிர்பார்க்க வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியாக முடியும். தங்கைக்கு என் ஆசி. வீட்டில் எல்லோரையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே படி இறங்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
வலது காலை மட்டும் நம்பி வாழும்
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மகளிடம் கொடுத்தால் பிரித்துப் படித்துவிடுவாள் என்று, கோபத்தில் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தபால் ஆபீஸில் நின்றபடி உறையின் மேல் முகவரி எழுதும்போதுதான் உறைத்தது, இரண்டு மாடி இறங்கி, தெருவைக் கடந்து வந்திருக்கிறேன். உடனே அவளுக்குப் போன் செய்து சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எப்படிப்பா எறங்கினீங்க?" என்றாள். "உன்னத் திட்டிக்கிட்டே வந்தேன், காலைப் பத்தி ஞாபகமே இல்ல. இப்ப ஞாபகம் வந்துடுச்சே, எப்படித் திரும்பி வர்றது?" என்றேன். "திட்டிக்கிட்டே வாங்க. வெள்ளிக்கிழமை மாமா வீட்டுக்கும் அப்படியே போங்க" என்றாள். வருகிறேன், மாப்பிள்ளை. உங்கள் வீடு வரைக்கும் திட்டக் கொஞ்சம் விஷயம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.